ஒரு பூசந்தி, இரண்டு கடல்: அமெரிக்க வெப்பமண்டலத்தின் ஸ்குவாட் லாப்ஸ்டர்கள்

2015 ஏப்ரலில், பனாமாவின் பசிபிக் கரைக்கு அப்பால், கோய்பா தீவுக்குப் பக்கத்தில் ஹனிபல் பேங்க் என்ற கடலடி மலைமேல் ஒரு சிறிய நீர்மூழ்கி இறங்கிக்கொண்டிருந்தது. வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹெசூஸ் பினேடாவின் குழு செய்த ஆய்வு அது. மேலே தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. தரையை நெருங்க நெருங்கக் கலங்கிக்கொண்டே வந்து, 350 மீட்டர் ஆழத்தைத் தாண்டியதும் அடியில் ஏதோ சேற்றுப்புகை மாதிரி ஒரு படலம், அதற்குக் கீழே எதுவும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கியபோது கற்களோ என்று நினைக்கும்படி சில உருவங்கள் தெரிந்தன. அப்புறம் அந்தக் கற்கள் நகர்ந்தன. அத்தனையும் உயிருள்ளவை. விரல் நீளத்துக்குச் சிவப்பான விலங்குகள், ஒரு சதுர மீட்டருக்குள் 70-க்கும் மேல், ஈசல் புற்றிலிருந்து கிளம்புவது மாதிரி நெரிசலாகத் தரையில் ஊர்ந்தும் மேலே துள்ளி நீந்தியும் போய்க்கொண்டிருந்தன. கலங்கலைக் கிளப்பியதே அவற்றின் கால்கள்தான்.

அந்தக் காணொளியை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும் கேள்வி ஒன்றுதான். அந்த இடத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை, மீன்கள் மூச்சுத் திணறும் அளவு. அங்கே போய் ஏன் இவ்வளவு கூட்டம்? பனாமா பூசந்தியின் இந்தப் பக்கம் இவ்வளவு கூட்டம் இருக்கும்போது, சில பத்துக் கிலோமீட்டர் அகல நிலத்துக்கு அந்தப் பக்கம், கரீபியனில், இப்படி ஒரு காட்சியே ஏன் கிடையாது? அமெரிக்க வெப்பமண்டலக் கடல்களில் ஸ்குவாட் லாப்ஸ்டர்கள் எங்கே, எத்தனை வகை, ஏன் அங்கே என்பதை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் நன்றாகப் புரியும்.

முதலில் விலங்கு. தமிழில் இதற்குப் புழங்குகிற பெயர் எனக்குத் தெரிந்து இல்லை, அதனால் ஸ்குவாட் லாப்ஸ்டர் என்றே எழுதுகிறேன். நம் கரையில் கிடைக்கும் சிங்கி இறாலை மனதில் கொண்டுவாருங்கள். அதை உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிதாக்கி, தட்டையாக்கி, வாலை வயிற்றுக்கு அடியில் மடக்கிவிட்டு, முன்னால் உடம்பைவிட நீளமான இரண்டு கொடுக்குகளை மாட்டினால் ஏறக்குறைய இதுதான். ஆனால் உறவுமுறையில் இது சிங்கி இறாலும் இல்லை, உண்மையான நண்டும் இல்லை. சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. அடையாளம் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி கால்களை எண்ணுவது. நண்டுக்குக் கொடுக்குகளுக்குப் பின்னால் நான்கு ஜோடி நடக்கும் கால்கள் தெரியும். இதற்கு மூன்றுதான் தெரியும். நான்காவது ஜோடி சின்னதாகச் சுருங்கி, ஓட்டுக்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், செவுளைத் துடைக்கிற துடைப்பம் மாதிரி. ஆபத்து வந்தால் மடக்கிய வாலைப் படபடவென்று அடித்துப் பின்னோக்கிப் பாயும்.

உலகம் முழுவதும் அறியப்பட்ட வகைகளை 2008-ல் தொகுத்தபோது சுமார் 870 இனங்கள் இருந்தன. இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. இவற்றில் பெரும் பங்கு இந்தோ-பசிபிக் பகுதியில், குறிப்பாக ஆஸ்திரேலியாவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் இடைப்பட்ட கடலில் இருக்கிறது. இந்தோனேசியப் பவளத்திட்டுகளில் பீப்பாய் போன்ற கடற்பஞ்சுகளின் மடிப்பில் உட்கார்ந்திருக்கும் ரோஜா நிற முடி போர்த்திய ஒன்றை நீங்கள் புகைப்படத்தில் பார்த்திருக்கலாம், முங்குநர்கள் விரும்பிப் படமெடுப்பது அது. அமெரிக்கப் பவளத்திட்டுகளில் அந்த மாதிரி வண்ணக் குவியல் இல்லை. அங்கே ஆழமில்லாத நீரில் ஸ்குவாட் லாப்ஸ்டர்கள் மிகக் குறைவு, இருப்பவையும் சின்னவை, இடுக்குகளில் ஒளிந்திருப்பவை. கரீபியனில் முங்கிப் பார்த்துவிட்டு, இங்கே இந்த விலங்கே இல்லை என்று ஒருவர் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டேன். நூறு, இருநூறு மீட்டருக்குக் கீழே போக வேண்டும்.

அங்கே போனதும் மூன்று பெரிய கூட்டங்கள் கண்ணில் படும். முதலாவது முனிடா வகையறா. நெற்றியில் ஈட்டி மாதிரி ஒரு நீள முள், அதற்கு இருபக்கமும் இரண்டு சின்ன முள், பெரிய பளபளப்பான கண்கள், கொலுசு போட்ட மாதிரி பட்டை பட்டையாகச் சிவப்பும் வெள்ளையும் கலந்த கால்கள். இவை கண்டத்திட்டின் விளிம்பிலும் அதற்குக் கீழான சரிவிலும் வாழ்பவை. இரண்டாவது முனிடாப்சிஸ். இன்னும் ஆழத்துக்குரியது, சில இனங்கள் 5,000 மீட்டரில்கூட இருக்கின்றன. வெளிச்சமே போகாத இடம் என்பதால் கண்ணில் நிறமி இல்லாமல் வெளிறிக் கிடக்கும், சிலவற்றில் கண்ணின் இடத்தில் ஒரு முள்தான் நீட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது யூரோப்டைகஸ், காஸ்ட்ரோப்டைகஸ் போன்றவை, கடல்விசிறிகள், கருப்புப் பவளங்கள் மேல் தொற்றிக்கொண்டு வாழ்பவை. காஸ்ட்ரோப்டைகஸுக்குக் கால்கள் சிலந்திக்கு உள்ளதுபோல் நீண்டு மெலிந்திருக்கும். பவளம் இல்லாத இடத்தில் இவற்றைத் தேடிப் பயனில்லை. இவற்றோடு பீங்கான் நண்டுகள் என்கிற நெருங்கிய சொந்தமும் உண்டு. பாறைக்கு அடியில், கரையோரத்தில் வாழும் அவை நண்டு மாதிரியே உருமாறிவிட்டவை, அவற்றுக்குத் தனிக் கட்டுரைதான் எழுத வேண்டும்.

சரி, இரண்டு கடலுக்கு வருவோம்.

வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் எப்போதும் ஒட்டியிருக்கவில்லை. பனாமா பூசந்தி மெதுவாக எழும்பி, சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முழுவதுமாக அடைபட்டது என்பதுதான் பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்ட கணக்கு. அதற்கு முன் ஒரே கடலாக இருந்தது இரண்டாகப் பிரிந்தது. அடைபட்ட பிறகு இரண்டு பக்கத்துக்கும் தலையெழுத்து வேறு வேறாகிவிட்டது. கரீபியன் பக்கம் வெதுவெதுப்பான, சத்துக் குறைந்த, தெளிந்த நீர். பசிபிக் பக்கம் ஆழத்திலிருந்து குளிர்ந்த சத்துள்ள நீர் மேலே எழும்பி வரும் இடங்கள் நிறைய. அந்த நீரில் பாசியுயிர்கள் கொழிக்கும், கொழித்தவை செத்து மூழ்கும், மூழ்கியதை நுண்ணுயிர்கள் சிதைக்கும், சிதைக்கும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும். மெக்சிகோவிலிருந்து பெரு வரை பசிபிக் கரையோரம் நெடுக, நடு ஆழத்தில், பல நூறு மீட்டர் கனத்துக்கு ஒரு மூச்சற்ற அடுக்கு உண்டானது இப்படித்தான். மெக்சிகோவின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் சில இடங்களில் இந்த அடுக்கின் மேல்விளிம்பு நூறு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. கீழ்விளிம்பு 800, 1,000 மீட்டர் வரை போகும்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று. உலகின் மற்ற வெப்பமண்டலக் கடல்களில் முனிடா வகையறா செழித்துப் பல இனங்களாகப் பெருகிய ஆழம் எது என்று பார்த்தால், 200 மீட்டரிலிருந்து 800 மீட்டர் வரை. அதாவது கிழக்கு பசிபிக்கில் மூச்சற்ற அடுக்கு படுத்திருக்கிற அதே ஆழம்! வீடு கட்ட வேண்டிய மனையில் வெள்ளம் நிற்கிற மாதிரி. அதனால்தான் அமெரிக்காவின் பசிபிக் பக்கம் முனிடா இனங்கள் குறைவு, பவளங்களைச் சார்ந்த யூரோப்டைகஸ் வகைகளும் குறைவு. கரீபியன் பக்கமும் மெக்சிகோ வளைகுடாவும் அப்படி இல்லை. கரீபியனின் ஆழ்நீர் அட்லாண்டிக்கிலிருந்து தீவுகளுக்கு இடையிலான வாய்கள் வழியாக உள்ளே வழிந்து வருவது, அடியில் சுமார் 4 டிகிரி குளிர், ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை. சரிவுகளில் பாறை, மண், பவளமேடு, கடற்பஞ்சுத் தோட்டம் என்று வீட்டுமனைகளும் விதவிதம். அங்கே ஒரே சரிவில் இறங்கினால் முனிடா வகையறாவில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இனங்கள் மாறிக்கொண்டே வரும்.

அப்படியென்றால் பசிபிக் பக்கம் ஏழை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இனங்களின் எண்ணிக்கையில் குறைவு, உடல்களின் எண்ணிக்கையில் கணக்கே இல்லை. மூச்சற்ற அடுக்கை எதிரியாகப் பார்க்காமல் கோட்டையாக மாற்றிக்கொண்ட ஒன்றிரண்டு இனங்கள் அங்கே பெருகிக் குவிந்தன. ஹனிபல் பேங்கில் ஊர்ந்த கூட்டம் அந்த வகை. அதன் பெயர் ப்ளூரன்கோடிஸ் ப்ளானிபெஸ். 1860-ல் வில்லியம் ஸ்டிம்ப்சன் பெயர் சூட்டியது. மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா கரையில் இதற்கு லாங்கோஸ்டில்லா என்று பெயர், ஆங்கிலம் பேசுகிற மீனவர்கள் சூரை நண்டு என்ற பொருளில் கூப்பிடுகிறார்கள், ஏனென்றால் சூரை மீனின் வயிற்றைக் கிழித்தால் இதுதான் கொட்டும்.

லாங்கோஸ்டில்லாவின் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஸ்குவாட் லாப்ஸ்டர் என்றால் தரையில் உட்காரும் பிராணி என்று நாம் வைத்திருக்கும் எண்ணத்தை இது உடைத்துவிடுகிறது. இளம் வயதில் இது நடுக்கடலில் மிதந்தே வாழும். வால் அடித்து நீந்தி மேலே வரும், அப்புறம் கால்களையெல்லாம் விரித்துக் குடை மாதிரி மெதுவாக மூழ்கும், திரும்ப நீந்தும். பகலில் ஆழத்துக்கு இறங்கி இரவில் மேலே வருபவையும் உண்டு, பகலிலேயே மேற்பரப்பைச் சிவப்பாக்கிவிடும் கூட்டங்களும் உண்டு. வாய்க்கருகில் இருக்கும் கால்களில் மயிர்கள் சீப்பு மாதிரி அடர்ந்திருக்கும். அவற்றால் தண்ணீரை வடிகட்டி டயட்டம் போன்ற நுண்பாசிகளை நேரடியாகவே உண்ணும். இதன் அர்த்தம் பெரிது. சாதாரணமாகப் பாசியிலிருந்து சூரை மீன் வரைக்கும் போக உணவுச் சங்கிலியில் நாலைந்து படிகள் வேண்டும், ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி ஆற்றல் வீணாகும். இங்கே பாசி, லாங்கோஸ்டில்லா, சூரை, அவ்வளவுதான். வளர்ந்து பெரிதானவை தரைக்கு இறங்கி, கண்டத்திட்டிலும் மேற்சரிவிலும் ஆக்சிஜன் குறைந்த நீரில் வாழ்கின்றன. துரத்தி வருகிற மீன்களால் அங்கே நெடுநேரம் நிற்க முடியாது. மேலே இருந்து உணவும் மழையாக விழும். மற்ற நண்டுகளுக்குப் போதாத மூச்சு இவற்றுக்குப் போதும். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இவற்றை நம்பி வருபவர்களின் பட்டியலில் ஒரு விருந்தாளி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜப்பானின் மணற்கரைகளில் முட்டையிலிருந்து வெளிவரும் பெருந்தலை ஆமைகளில் ஒரு பகுதி பசிபிக் பெருங்கடல் முழுவதையும் கடந்து பாஹா கலிஃபோர்னியாவுக்கு வந்து, லாங்கோஸ்டில்லாவைத் தின்று வளர்ந்து, பெரிதான பிறகு திரும்ப ஜப்பானுக்கே போகின்றன. பிறந்த கரைக்கும் இரை கிடைக்கும் கரைக்கும் நடுவே உலகத்தின் மிகப் பெரிய கடல்.

வெப்பநீர் வடக்கே நகரும் எல் நினோ ஆண்டுகளில் லாங்கோஸ்டில்லாவும் கூடவே போய்விடும். 2015 ஜூனில் சான் டியேகோ வட்டாரக் கடற்கரைகளில் லட்சக்கணக்கில் ஒதுங்கி, அலை விளிம்பு முழுக்க செங்கம்பளம் விரித்த மாதிரி கிடந்தது பலருக்கு நினைவிருக்கும். அதே ஆண்டில் அதன் தெற்கு எல்லை பனாமா வரை நீள்கிறது என்று ஹனிபல் பேங்க் காட்டியது. ஒரு விலங்கின் பரவல் வரைபடத்தில் நாம் போடுகிற கோடு எவ்வளவு நெகிழ்வானது என்பதற்கு இந்த ஓர் ஆண்டு போதும்.

இதற்கு ஒரு தங்கை இனம் இருக்கிறது, ப்ளூரன்கோடிஸ் மோனோடான். சிலி, பெரு என்று தெற்கே அதிகம், அதைத் தவிர மத்திய அமெரிக்காவின் பசிபிக் சரிவிலும் உண்டு. சிலியில் இது தரைவாசி. பெருவில் 1990-களின் நடுவிலிருந்து இதே இனம் சிறிய உடலோடு நீரில் மிதந்து வாழும் கூட்டங்களாகப் பெருகியது. நெத்திலிக் கூட்டங்களைத் தேடிப் போகும் ஒலிக்கருவியில் இதன் படலமும் சேர்ந்து தெரியும். அங்கே இதை முனிடா என்றே அழைக்கிறார்கள், ஒரு அறிவியல் பெயர் அப்படியே துறைமுகப் பேச்சாகிவிட்டது. ஒரே இனம், ஒரு ஊரில் தரையில் நடக்கிறது, இன்னொரு ஊரில் தரையையே தொடாமல் வாழ்கிறது. பெருவின் கரையில் தரையை ஒட்டிய நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதோடு சேர்த்துப் பார்த்தால், வழி இல்லாதபோது மேலே எழும்பி வாழ்ந்துகொள்கிறது என்று படிப்பதுதான் எனக்குச் சரியாகத் தோன்றுகிறது.

மூச்சற்ற அடுக்குக்குக் கீழே போனால் கதை திரும்ப மாறுகிறது. ஆயிரம் மீட்டரைத் தாண்டியதும் ஆக்சிஜன் மெதுவாக மீள்கிறது, அங்கே முனிடாப்சிஸ் ஆட்சி. இந்த விஷயத்தில் பசிபிக் பக்கம் கரீபியனுக்குச் சளைத்ததில்லை. முனிடாப்சிஸ் குடும்பம் நடத்தும் விதமும் வேறு: முனிடா சின்னச் சின்ன முட்டைகளை ஆயிரக்கணக்கில் சுமக்கும், குஞ்சுகள் வெகுநாள் மிதந்து இரை தேடி வளரும். முனிடாப்சிஸ் பெரிய முட்டைகளைக் கொஞ்சமாக இடும், குஞ்சுக்குக் கட்டுச்சோறு மாதிரி மஞ்சள்கருவை உள்ளேயே வைத்து அனுப்பும். உணவு அரிதான ஆழத்தில் அதுதான் நடக்கும்.

1977-ல் கலாபகோஸ் பிளவில் ஆல்வின் நீர்மூழ்கி முதன்முதலாகக் கடலடி வெந்நீர் ஊற்றுகளின் உயிரினங்களைக் கண்டபோது, குழாய்ப்புழுக்கள், மட்டிகள் இவற்றுக்கிடையே வெள்ளை வெளேரென்று திரிந்தவற்றில் முனிடாப்சிஸும் உண்டு. அதை முனிடாப்சிஸ் சப்ஸ்குவாமோசா என்று எழுதிவைத்தார்கள். அந்தப் பெயர், சேலஞ்சர் என்ற ஆய்வுக்கப்பல் ஜப்பானுக்கு அருகே பிடித்த ஒன்றுக்கு 1885-ல் கொடுத்தது. ஜப்பானிலிருந்து கலாபகோஸ் வரை ஒரே இனம் என்று வெகுகாலம் நினைத்தார்கள். 2007-ல் ஜோன்ஸும் மக்ஃபெர்சனும் கிழக்கு பசிபிக் முனிடாப்சிஸ்களின் மரபணுவை ஒப்பிட்டபோது, அந்த ஒரு பெயருக்குக் கீழே பல இனங்கள் ஒளிந்திருந்தது தெரிந்தது, அந்த ஒரே ஆய்வில் ஏழு புது இனங்களை விவரித்தார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவதை ஒன்று என்று எழுதிவிட்டால், பரவல் வரைபடமே பொய்யாகிவிடுகிறது. ஆழ்கடல் விலங்குகள் உலகெங்கும் பரவியவை என்ற பழைய நம்பிக்கையில் ஒரு பகுதி இப்படி உருவானதுதான்.

கோஸ்டாரிகாவின் பசிபிக் கரைக்கு அப்பால் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் மீத்தேன் கசியும் மேடு ஒன்று இருக்கிறது. 2006-ல் அங்கே ஆல்வினில் இறங்கியவர்கள் பார்த்ததை நான் இந்தக் கட்டுரையின் நடுப்புள்ளியாகவே வைப்பேன். பாறை இடுக்கில் உட்கார்ந்த வெளிறிய ஸ்குவாட் லாப்ஸ்டர்கள், கசியும் நீருக்கு மேலே தங்கள் நீளமான கொடுக்குகளை ஒரே தாளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தன. நிறுத்தவே இல்லை. கொடுக்கிலும் நெஞ்சிலும் மயிர்கள் அடர்ந்திருக்கின்றன, ஒவ்வொரு மயிரிலும் பாக்டீரியா நூல் நூலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாக்டீரியாவுக்குக் கசியும் இடத்து வேதிப்பொருளும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். அசையாமல் இருந்தால் மயிரைச் சுற்றியுள்ள நீர் தீர்ந்து பழசாகிவிடும். ஆட்டினால் புது நீர் வந்துகொண்டே இருக்கும். அப்புறம் வாய்க்கருகில் உள்ள சீப்பு போன்ற காலால் அந்த மயிர்களைக் கோதி, வளர்ந்ததை வழித்து வாயில் போட்டுக்கொள்ளும். தன் உடம்பையே வயலாக்கி, தண்ணீர் பாய்ச்சி, அறுவடையும் செய்கிற உழவு அது. 2011-ல் தர்பர், ஜோன்ஸ், ஷ்னாபெல் மூவரும் இதற்குக் கீவா புராவிடா என்று பெயர் வைத்தார்கள். புரா விடா என்பது கோஸ்டாரிகாக்காரர்கள் வணக்கத்துக்கும் நன்றிக்கும் நலம் விசாரிப்பதற்கும் சொல்கிற சொல். கீவா என்ற குடும்பமே அறிவியலுக்கு 2005-ல்தான் தெரியவந்தது, ஈஸ்டர் தீவுக்குத் தெற்கே சுமார் 1,500 கிலோமீட்டரில் 2,200 மீட்டர் ஆழத்து வெந்நீர் ஊற்றில். அடுத்த ஆண்டே அதன் உறவினம் வெப்பமண்டலத்தில், அதுவும் கொதிநீர் இல்லாத, குளிர்ந்த கசிவில் நின்றுகொண்டிருந்தது.

அட்லாண்டிக் பக்கத்திலும் கையைப் பயன்படுத்தத் தெரிந்த ஒன்று உண்டு. யூமுனிடா பிக்டா, மெக்சிகோ வளைகுடாவிலும் ஃபுளோரிடாவுக்கு அப்பாலும் ஆழ்கடல் பவளமேடுகளின் உச்சியில் ஏறி நின்று, இரண்டு கொடுக்குகளையும் நீரோட்டத்தில் தூக்கி விரித்து வைத்திருக்கும். பக்கத்தில் போகிற மீனை எட்டிப் பிடிப்பதை நீர்மூழ்கியிலிருந்து பார்த்திருக்கிறார்கள். பவளம் உயர்ந்து நிற்பதால்தான் அதற்கு இந்த வேட்டை சாத்தியம். இழுவலை ஒரு தடவை அந்த மேட்டின் மேல் போனால் பவளம் நொறுங்கும், ஏறி நிற்க இடம் போய்விடும். திரும்ப அந்த உயரத்துக்கு வளர நூற்றாண்டுகள் ஆகும். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்தப் பெயர்ப்பட்டியலெல்லாம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரைபடத்தில் அடர்த்தியாகத் தெரிகிற இடங்களில் சில, விலங்கு அதிகம் இருப்பதால் அல்ல, கப்பல் அதிகம் போனதால் அடர்த்தியாகத் தெரிபவை. கரீபியனுக்கு அது ப்ளேக் என்ற அமெரிக்க அளவைக் கப்பல். 1877-லிருந்து 1880 வரை, சணல் கயிற்றுக்குப் பதிலாக எஃகு வடத்தில் வலையைக் கட்டி, மெக்சிகோ வளைகுடாவையும் மேற்கிந்தியத் தீவுகளின் சரிவுகளையும் வாரியது. வாரியதில் ஓடுடைய விலங்குகள் பாரிஸுக்கு, அல்ஃபோன்ஸ் மில்ன்-எட்வர்ட்ஸிடம் போயின. 1880-ல் அவர் வெளியிட்ட முதல் அறிக்கையிலேயே கரீபியன் ஸ்குவாட் லாப்ஸ்டர்களில் பெரும்பங்குக்குப் பெயர் கிடைத்துவிட்டது. இன்றும் அந்த இனங்களின் பெயருக்குப் பின்னால் 1880 என்ற எண் திரும்பத் திரும்ப வரும். 1938, 39-ல் ஹார்வர்டும் ஹவானா பல்கலைக்கழகமும் சேர்ந்து அட்லாண்டிஸ் கப்பலைக் கியூபாவைச் சுற்றி அனுப்பின, அதில் வந்தவற்றை ஃபென்னர் சேஸ் 1942-ல் விவரித்தார். பசிபிக் பக்கம் ஆல்பட்ராஸ் கப்பல். 1891-ல் அலெக்சாண்டர் அகாசிஸ் அதில் பனாமாவிலிருந்து கோகோஸ் தீவு, கலாபகோஸ், அகபுல்கோ, கலிஃபோர்னியா வளைகுடா என்று சுற்றிவந்தார். வால்டர் ஃபேக்சன் 1893-லும் 1895-லும் அந்தச் சேகரிப்பை எழுதினார். ஜேம்ஸ் பெனடிக்ட் 1902-ல் ஒரே கட்டுரையில் 46 புது இனங்களை விவரித்தார். எல்லாம் ஆல்பட்ராஸும் மற்ற கப்பல்களும் கொண்டுவந்து ஜாடிகளில் போட்டவை.

அந்த ஜாடிகளில் ஒரு சிக்கல். சாராயத்தில் போட்டதும் நிறம் போய்விடும். கடலில் சிவப்புப் பட்டையும் வெள்ளைப் புள்ளியுமாக இருந்த இரண்டு வேறு இனங்கள், ஜாடியில் ஒரே மாதிரி வெளிறிக் கிடக்கும். முனிடா வகையறாவில் நெருங்கிய இனங்களைப் பிரிக்க நிறம் நல்ல சாட்சி என்பது பின்னால்தான் உறுதியானது. மரபணு சொன்னதை நிறமும் சொன்னது. இப்போது நீர்மூழ்கிகளும் கேமராக்களும் உயிரோடு இருக்கும்போதே படம் பிடிப்பதால், நூறாண்டுப் பழைய ஜாடிகளைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள்.

பெயர்களும் நிலையாக இல்லை. 2022-ல் முனிடா என்ற மாபெரும் பேரினத்தை மரபணு அடிப்படையில் பல துண்டுகளாகப் பிரித்துவிட்டார்கள். அதில் ப்ளூரன்கோடிஸ் கிரிமோத்தியா என்ற பேரினத்துக்குள் போய்விட்டது. ஆகவே லாங்கோஸ்டில்லாவின் இன்றைய சரியான பெயர் கிரிமோத்தியா ப்ளானிபெஸ். கட்டுரை முழுக்கப் பழைய பெயரை எழுதினேன், ஏனென்றால் இதுவரை வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அந்தப் பெயரில்தான் கிடைக்கும், தேடுகிறவர்கள் இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றம் எரிச்சலாக இருக்கலாம், ஆனால் இது ஒரு விஷயத்தைத் தெளிவாக்குகிறது: தென் அமெரிக்காவின் தெற்கு நுனிக் கடலில் நீந்தும் வாழ்க்கைக்குப் பழகிய இன்னொரு கிரிமோத்தியா இனமும் வெப்பமண்டலத்து லாங்கோஸ்டில்லாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். குளிர்ந்த தெற்கிலும் வெப்பமண்டலத்தின் மேலெழும் நீரிலும் மட்டும் பெருங்கூட்டமாக மிதப்பது தற்செயல் இல்லை.

மனிதர்கள் இதைச் சாப்பிடுகிறார்களா என்றால், ஆமாம். அமெரிக்க உணவகங்களில் லாங்கோஸ்டினோ என்று எழுதியிருந்தால் தட்டில் பெரும்பாலும் ஸ்குவாட் லாப்ஸ்டரின் வால்சதை, சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். பெரும்பகுதி சிலியிலிருந்து போகிறது, மத்திய அமெரிக்காவில் எல் சால்வடாரும் கோஸ்டாரிகாவும் மோனோடானைப் பிடித்திருக்கின்றன. கோஸ்டாரிகாவில் ஆழ்கடல் இறாலுக்குப் போடும் இழுவலையில் இது சேர்ந்தே வரும். அந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2013-ல் இழுவலை உரிமங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, இருந்த உரிமங்களும் 2019-ல் காலாவதியாயின. வேலை இழந்த கரையோர ஊர்களின் கஷ்டம் உண்மையானது, அதை லேசாகச் சொல்லிக் கடந்துவிட மாட்டேன். ஆனால் எந்த ஆழத்தில் எந்த இனம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமலே அந்தச் சரிவுகளை வாரிக்கொண்டிருந்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

கடல் சூடாகச் சூடாக மூச்சற்ற அடுக்கு கனத்துக்கொண்டிருக்கிறது. கடந்த அரை நூற்றாண்டு அளவீடுகள் வெப்பமண்டலக் கடல்களில் இதைக் காட்டுகின்றன. பவளத்தில் தொற்றி வாழும் யூரோப்டைகஸுக்கு அது இடம் சுருங்குவது, லாங்கோஸ்டில்லாவுக்கு இடம் விரிவது. இரண்டையும் ஸ்குவாட் லாப்ஸ்டர் என்ற ஒரே சொல்லில் அடக்கிப் பாதிப்பு என்று பொதுவாகப் பேசினால் எதுவும் புரியாது.

ஹனிபல் பேங்கில் பிடித்த சில விலங்குகளை மேலே கொண்டுவந்தபோது, அவை மோனோடானா ப்ளானிபெஸா என்பதே கேள்வியாக இருந்தது. இரண்டும் பார்க்க அவ்வளவு நெருக்கம், அந்த அட்சரேகையில் எதிர்பார்க்கக் கூடியதோ மோனோடான். மரபணுவைப் படித்த பிறகுதான், பாஹா கலிஃபோர்னியாவில் ஆமைகளுக்கு இரையாகிற அதே இனம் பனாமாவில் 350 மீட்டருக்குக் கீழே நடந்துகொண்டிருந்தது என்று உறுதியானது. இடையில் மெக்சிகோவின் தெற்கு, குவாத்தமாலா, எல் சால்வடார், நிகராகுவா, கோஸ்டாரிகா என்று நெடிய சரிவு கிடக்கிறது. அங்கே பிடித்து மோனோடான் என்று எழுதிவைத்த ஜாடிகளைத்தான் நான் இருந்தால் முதலில் திறந்து பார்ப்பேன்.